நாற்பத்து மூன்று

வரி அட்டை கேட்டார்கள், கொடுத்தேன்.
வங்கிக் கணக்கு எண், கொடுத்தேன்.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
பக்கத்து வீட்டு நாய்க்கு
இரண்டு கோடை சோறு வைத்ததை எழுதினேன்.
ரைஜா சிரிக்கவில்லை.
"நாயின் பெயர்?" என்று மட்டும் கேட்டாள்.

பதினாறு வயதில் இப்படித்தான்
பௌலிங் கூடத்தின் காலணி மேசைக்கு வந்தேன்,
ஃபின்லாந்தின் வடக்கே,
பிற்பகல் இரண்டுக்கே ஊர் விளக்குப் போடும் மாதத்தில்.

பனி உருகிச் சொட்டச் சொட்ட
பூட்ஸைக் கழற்றித் தருவார்கள்.
வாங்கிப் புறாக்கூண்டில் செருகி
சிவப்பும் பச்சையுமாய் வாடகைச் சோடியை நீட்ட வேண்டும்.
திரும்பி வந்ததும் உள்ளே மருந்து, இரண்டு அழுத்து.
மூன்று அழுத்தினால் நஷ்டம்,
ஒன்று அழுத்தினால் புகார் என்பாள் ரைஜா.

ஒரே மாதத்தில்
ஊர் எனக்குக் கால்களாகத் தெரிந்தது.
இயற்பியல் வாத்தியாருக்கு நாற்பத்தைந்து,
காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும்.
நகைக்கடை அம்மாள் முப்பத்தெட்டு என்பாள்,
நாற்பதுதான் நுழையும்.
நாற்பதை எடுத்து
"இந்தாருங்கள் முப்பத்தெட்டு" என்று கொடுக்கப் பழகினேன்.
கூடப் படிக்கும் ஓஸ்கரி வந்தான்,
"இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்றான்,
என்னைப் பார்த்துக்கொண்டே.
மேசைக்கு இந்தப் பக்கம் நின்றால்
பெயர் உதிர்ந்துவிடும் போல.

முதல் சம்பளத்தில் ஒரு ஹெட்போன்.
மீதி என்று எதுவும் இல்லை.
"அதுக்குப் பேர்தான் சம்பளம்" என்றார் அப்பா.

செவ்வாய் என் நாள் அல்ல.
நீலோவுக்குப் பல்வலி, நான் போனேன்.
செவ்வாயில் ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள்,
சொந்தக் காலணி, சொந்தப் பந்து, சொந்தக் காப்பி.
மருந்து டப்பாவின் முகவரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது.
முதலில் குளிர் வந்தது.
பிறகு மேசைமேல் ஒரு சோடி பூட்ஸ்.
இடதின் கயிறு நடுவில் அறுந்து முடிச்சிட்டிருந்தது.
அந்த முடிச்சைப் போட்டவள் நான்.

நிமிர்ந்தேன்.
காகித ஆலையில் இருக்க வேண்டிய நேரம் அவருக்கு.
மரக்கூழின் புளித்த வாசம்
சட்டையோடு வீட்டுக்குள் வருமே,
ஆறு வாரமாய் அது வரவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாற்பத்து மூன்று" என்றார்
அந்நியரிடம் பேசும் குரலில்.
"ஒரு மணி நேரமா, இரண்டா?" என்றேன்
மனப்பாடமான குரலில்.
"ஒன்று."
பிறகு, "இல்லை, இரண்டு."

கல்லாவின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும்:
மாணவர், ஓய்வூதியர், வேலையற்றோர்
வாரநாளில் பாதி விலை. சான்று காட்டவும்.
அவர் கண் அதில் போய் இறங்கி
சட்டென்று கடிகாரத்துக்குத் தாவியது.

கேட்காதவருக்குச் சலுகை கிடையாது,
கேட்டவருக்கும் சான்றில்லாமல் கிடையாது.
விதி இரண்டும் தெரிந்த என் விரல்
மஞ்சள் பொத்தானை அழுத்தியது.
திரையில் எண் பாதியாய் இறங்கியது.

அதை அவர் பார்த்தார்.
அவர் பார்ப்பதை நான் பார்க்காமலிருக்க
காலணி தேடினேன்.
நாற்பத்து மூன்று கண்ணுக்கு நேரே இருந்தது.
கீழ்த்தட்டில் தேடினேன்,
வெகுநேரம்.

"நன்றி" என்றார்.
எங்கள் வீட்டில் உப்பை நகர்த்தினால்
யாரும் நன்றி சொல்வதில்லை.

ஏழாம் தடம், தனியாக.
நான் திரும்பவில்லை. காதால் பார்த்தேன்.
முதல் பந்து ஓரத்துக் கால்வாயில் விழுந்தது,
இரண்டாவதும்.
மூன்றாவதில் பத்தும் சாய்ந்தன.
யாரும் கைதட்டவில்லை.
அவருடைய பூட்ஸைக் கூண்டில் வைக்காமல்
ஹீட்டரின்மேல் வைத்தேன்.
அதற்கும் ஒரு விதி உண்டு.

ஷிப்டு முடிகையில்
ரைஜா கல்லாச் சீட்டை விரலால் உருவிக்கொண்டே வந்தாள்.
"மூன்றேகாலுக்கு ஒரு சலுகை.
சான்று பார்த்தாயா?"
"பார்த்தேன்."

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள்,
இன்றைக்கு வேலை எப்படி என்று,
எங்கள் இருவரையும் சேர்த்து.
"கூட்டமே இல்லை" என்றேன்.
"எங்களுக்கும்" என்றார் அப்பா,
வெந்த கிழங்கின் தோலை
மெல்ல, மிக மெல்ல உரித்தபடி.